நான்காவது லெவல்

நல்ல நினைவுகளாக நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி, போன மாதம் இரண்டு பெண்கள் கணபதி என்கிற பகுதியில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தார்கள். நான் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்த மருத்துவமனையின் திசு ஆய்வகத்தில் இப்போது டெக்னீஷியனாக இருப்பவர்கள். துறைக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம்.

காபி குடித்துக்கொண்டே புதுச் சாயங்களைப் பற்றிச் சொன்னார்கள். உணவுக்குழாய்ப் புற்றுநோய்த் துண்டுகளில் ஆட்டோஃபேஜியைக் காட்டுகிற ஒரு புரதத்தைச் சாயமேற்றிப் பார்க்கிறார்களாம். பட்டினி கிடக்கிற செல், அடிபட்ட செல், தனக்குள்ளே இருக்கிற பழைய பாகங்களைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி, தானே தின்று செரித்துப் பிழைத்துக்கொள்கிறது. அதற்குத்தான் ஆட்டோஃபேஜி என்று பெயர். நல்ல செல்லில் அது குப்பை கூட்டுகிற வேலை; புற்று வராமல் காப்பாற்றுகிறது. புற்று வந்து ஊன்றிவிட்டால் அதே வேலை புற்றுக்குச் சோறு போடுகிறது. கதிர் வைத்தாலும் மருந்து ஏற்றினாலும் சில செல்கள் சாகாமல் பதுங்கிக் கிடக்க இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். அளவு மீறிப் போனால் அதனாலேயே செல் செத்துப்போவதும் உண்டாம். இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி என்று அவர்களில் ஒரு பெண் சொன்னாள்.

"உங்க காலத்துல இதெல்லாம் தெரியாதுங்களே அக்கா."

"தெரியாது கண்ணு," என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிறகு பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். நல்ல நினைவு எதுவும் வரவில்லை. ராமாத்தாள் என்கிற ஒரு நோயாளிதான் நினைவுக்கு வந்தார். மலர்க்காரர்கள் இதைப் போட மாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும்.

என்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் சாந்தாமணி. அப்பா லேத் பட்டறையில் வேலை செய்தார். பிளஸ் டூ முடித்து, ஆய்வகப் படிப்பு படித்து, எண்பதுகளின் கடைசியில் இந்த மருத்துவமனையில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் பாட்டில் கழுவினேன், லேபிள் எழுதினேன், கத்தி தீட்டினேன். மூன்றாவது வருடம் மைக்ரோடோமில் உட்கார விட்டார்கள். திசுவை மெல்லிசாகச் சீவுகிற இயந்திரம் அது. அதற்குப் பிறகு நான் அதைவிட்டு எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம்.

வெளியில் இருப்பவர்களுக்கு எங்கள் வேலை என்னவென்று தெரியாது. பயாப்சி எடுத்தால் டாக்டர் பார்த்துச் சொல்லிவிடுவார் என்று நினைக்கிறார்கள். டாக்டர் பார்ப்பதற்கு முன் இரண்டு நாள் அது எங்கள் கையில் இருக்கும். உணவுக்குழாயிலிருந்து கிள்ளி எடுத்த துண்டு நொய்யரிசி அளவுதான் இருக்கும். ஃபார்மலின் பாட்டிலில் வரும். அதைத் தொலைத்துவிடாமல் இருக்க ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம் விட்டு, வடிதாளில் மடித்து, ஆல்கஹாலில் ஒவ்வொரு படியாக ஏற்றித் தண்ணீரை எடுத்து, சைலினில் போட்டு, உருகிய மெழுகில் ஊறவைக்க வேண்டும். 'ட' எழுத்து மாதிரி இருக்கிற பித்தளைத் துண்டுகள் இரண்டைச் சேர்த்து வைத்தால் ஒரு பெட்டி கிடைக்கும். அதில் மெழுகை ஊற்றி, சூடு காட்டிய இடுக்கியால் துண்டை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். துண்டு சாய்ந்துவிட்டால் மேல்தோல் மட்டும் வரும், அடியில் இருப்பது வராது. அடியில்தான் விஷயம் இருக்கும்.

மெழுகு இறுகிய பிறகு மைக்ரோடோம் சக்கரத்தைச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு ஒரு சீவல். தலைமுடியை இருபதாகப் பிளந்தால் ஒரு பங்கு இருக்குமே, அந்தக் கனம். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடா மாதிரி வரும். மூச்சு பலமாக விட்டால் பறந்துபோகும். வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியை அடியில் கொடுத்து ஏந்த வேண்டும். பிறகு சாயம். ஊரே மெச்சுகிற சிறுவாணித் தண்ணீர் இதற்கு உதவாது. ஹெமடாக்ஸிலின் சாயம் ஊதாவிலிருந்து நீலத்துக்குத் திரும்ப உப்புத் தண்ணீர் வேண்டும். அதற்காகவே ஆழ்குழாய்த் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வைத்திருப்பேன். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒரு கோடைக்காலம் முழுக்கச் சாயம் சரியாக வராமல் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டது.

லெவல் என்று ஒன்று உண்டு. மெழுகுக் கட்டியின் மேல்பகுதியில் சில சீவல் எடுத்து ஒரு ஸ்லைடு. பிறகு கொஞ்சம் சீவிக் கழித்துவிட்டு, ஆழத்தில் மறுபடி சில சீவல். அது இரண்டாவது லெவல். இன்னும் ஆழத்தில் மூன்றாவது. எங்கள் துறையில் மூன்று லெவல் என்பது விதி. அந்த விதியைப் போட்டவர் துறைத்தலைவர்.

அவர் பெயர் வேண்டாம். அவர் இப்போது இல்லை. நாங்கள் சீஃப் என்றுதான் சொல்வோம். காலையில் எட்டே முக்காலுக்கு வருவார். வந்ததும் கைக்குட்டையால் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியைத் துடைப்பார். வேறு யாரும் துடைக்கக் கூடாது. ஸ்லைடை முதலில் டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். கத்திக்கோடு விழுந்திருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் தொட்டியில் போடுவார். கண்ணாடி உடைகிற சத்தம் எங்கள் அறை வரைக்கும் கேட்கும். யாருடைய ஸ்லைடு என்று தெரியாமல் நான்கு பேரும் வேலையை நிறுத்திவிட்டு நிற்போம். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "டெக்னீஷியன்" என்பார். நான்கு பேரில் யாரைக் கூப்பிடுகிறார் என்பதை நாங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவருக்கு வேலை தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். வெளியூர்களிலிருந்து ஸ்லைடை அனுப்பி அவர் அபிப்பிராயம் கேட்பார்கள். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். பத்தாவதைப் பற்றி அவரிடம் யாரும் பேசியதில்லை. அவருக்கு ஏற்பட்ட கேடு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

எங்களிடம் ஒற்றைக் கண் வைத்துப் பார்க்கிற பழைய மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தது. சாயம் சரியா என்று மட்டும் பார்க்கக் கொடுத்தது. சாயத்தைப் பார்க்கிறவள் செல்லைப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஐந்தாறு வருடம் பார்த்தேன். நல்ல தோல் எப்படி இருக்கும், புற்று எப்படி இருக்கும், கதிர் வைத்த பிறகு செத்த செல் எப்படிச் சுருங்கி வெளுத்துப் போகும் என்பதெல்லாம் கண்ணில் படிந்துவிட்டது. அதற்குச் சான்றிதழ் கிடையாது. ஆகவே அது அறிவு ஆகாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் ராமாத்தாள் வந்தார். எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு ஜன்னல் உண்டு. என்டோஸ்கோபி அறையில் எடுத்த துண்டை நோயாளியின் ஆட்களே பாட்டிலில் கொண்டுவந்து அந்த ஜன்னலில் கொடுப்பார்கள். அன்றைக்கு நோயாளியே கொண்டுவந்தார். ஐம்பது வயது இருக்கும். காங்கேயம் பக்கம் ஒரு கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைக்கிற வேலை. உள்ளங்கை மரப்பலகை மாதிரி இருந்தது. கூட வந்த வீட்டுக்காரர் பழனிச்சாமி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாலடி தள்ளி நின்றார்.

பாட்டிலை நீட்டிய கையோடு ராமாத்தாள் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, என்னத்தையோ கிள்ளி எடுத்தாங்களே, அது இதுக்குள்ளயா இருக்குது? எனக்கு ஒண்ணும் தெரீலீங்களே."

பாட்டிலை வெளிச்சத்தில் காட்டினேன். அடியில் நான்கு நொய்.

"இத்துணூண்டுதானுங்களா?" என்று உற்றுப் பார்த்தார். "இதுக்கா மூணு மாசமாச் சோறு எறங்க மாட்டேங்குது? கஞ்சி குடிச்சாக்கூட நெஞ்சுல நின்னுக்குதுங்க. களத்துல எல்லாரும் கெண்டல் பண்றாங்க, ராமாத்தா மூணு வேளையும் விரதம்னு."

பழனிச்சாமி அங்கிருந்தே, "வெத்தலை பொவையிலைய உடுன்னா கேட்டாத்தானே," என்றார்.

"அவரு கெடக்கறாருங்க. எப்ப வரட்டும்?"

மூன்று நாள் கழித்து வரச் சொன்னேன். புற்றுதான். முதல் லெவலிலேயே தெரிந்தது. யார் பார்த்தாலும் தெரியும். சீஃப் அரை நிமிடத்தில் எழுதிவிட்டார்.

கதிர் வைத்தார்கள். எங்கள் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். ஆறு வாரம், காங்கேயத்திலிருந்து பஸ் ஏறி வருவார். வருகிற நாட்களில் ஜன்னலில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார். கழுத்து கறுத்துப் போயிருந்தது, ஆள் பாதியாகியிருந்தார். ஆனால் சோறு இறங்க ஆரம்பித்திருந்தது. கடைசி வாரத்தில் வந்து, "நேத்து அரிசியும் பருப்புஞ் சோறு ஒரு வட்டல் தின்னேனுங்க அம்மணி. நல்லெண்ணெய் ஊத்தி," என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும்தான்.

கதிர் முடிந்து சில வாரம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்த்து, தழும்பு இருந்த இடத்தில் ஐந்து துண்டு எடுத்து அனுப்பினார்கள். கூட வந்த சீட்டில் அறுவை டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார்: புற்று ஏதாவது மிச்சம் இருந்தால் உணவுக்குழாயை எடுத்துவிடலாம், ஆள் தாங்குவார், ஆகவே கவனமாகப் பார்த்துச் சொல்லவும். அந்தச் சீட்டை நான்தான் ரெஜிஸ்டரில் ஒட்டினேன்.

மூன்று லெவல் வெட்டினேன். வெறும் தழும்பு. சாயம் பார்க்கையில் மூன்றாவது லெவலின் ஓரத்தில் ஏதோ ஒரு நிழல் மாதிரி பட்டது. மெழுகுக் கட்டியில் இன்னும் திசு மிச்சம் இருந்தது. யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போய் நான்காவது லெவல் எடுத்தேன். ரெஜிஸ்டரில் '4' என்று எழுதினேன்.

அதில் ஆறு செல்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன். தழும்பு நாருக்கு நடுவே, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, பெரிய செல்கள். உள்ளே குமிழ் குமிழாக இருந்தது. சில குமிழ்களில் தூசி மாதிரி ஏதோ கிடந்தது. கதிர் பட்ட செல்லில் குமிழ் வரும். அது எனக்கும் தெரியும். ஆனால் சாகிற செல்லின் உட்கரு சுருங்கிக் கருகிப் போகும், இல்லை கரைந்து போகும். இந்த ஆறிலும் உட்கரு முழுசாக, கோடு போட்ட மாதிரி விளிம்போடு இருந்தது. செத்துக்கொண்டிருக்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. எதையோ தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

இப்போது இதை எழுதுகையில் எனக்கே கூச்சமாக இருக்கிறது. நான் எதையும் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பெண்களிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். சாதாரணச் சாயத்தில் குமிழைப் பார்த்து ஆட்டோஃபேஜி என்று சொல்லவே முடியாது, நூறு காரணத்தால் குமிழ் வரும் என்றார்கள். சரியாகத்தான் இருக்கும். நான் பார்த்தது உட்கரு நன்றாக இருந்த ஆறு செல்கள். அவ்வளவுதான். அவ்வளவு போதும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

துறையில் நளினி என்று ஒரு இளம் டாக்டர் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். எங்களோடு மரியாதையாகப் பேசுவார். அவரை முதலில் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு நியூக்ளியஸ்," என்றார் மெல்ல. "இந்தக் குமிழைப் பத்தி ஒரு ஜர்னல்ல படிச்சிருக்கேன் சாந்தாமணி. ஆட்டோஃபேஜின்னு பேரு. செல் தன்னையே தின்னுக்கும். சாகறதுக்கு முன்னாடி அப்படிப் பண்ணுதுன்னு சிலர் சொல்றாங்க. சாகாம இருக்கறதுக்குப் பண்ணுதுன்னு சிலர்."

"இது எதுங்க மேடம்?"

"எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பார்த்தாத்தான் ஏதாவது சொல்ல முடியும். நம்மகிட்ட இல்ல."

"சீஃப்கிட்டச் சொல்லுங்களேன்."

"பார்க்கட்டும். அவருக்கே தெரியும்," என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

சீஃப் பார்த்தார். அவர் பக்கத்தில் நளினியும் இன்னும் இரண்டு மாணவர்களும் இருந்தார்கள். நான் ஸ்லைடுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

"நாலாவது லெவல் யார் கேட்டா?"

"நான்தானுங்க சார். திசு மிச்சம் இருந்துச்சு."

"ரேடியேஷன் சேஞ்ச். சாகற செல்," என்று மாணவர்களிடம் சொன்னார். "பார்த்துக்குங்க. இந்த மாதிரி வேக்குவோல், இந்தக் குமிழைப் பார்த்துப் பயந்து புற்றுன்னு எழுதினா, அந்தப் பொம்பளைக்கு ஒண்ணுமில்லாததுக்கு உணவுக்குழாயை எடுத்துடுவாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த ஆபரேஷனில் செத்தவர்களும் உண்டு. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"நியூக்ளியஸ் நல்லா இருக்குதுங்களே சார்."

அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ரிப்போர்ட் நீ எழுதறியா? நாற்காலி வேணுமா? எந்திரிக்கட்டுமா?"

மாணவர்களில் ஒருவன் சிரித்தான். நளினி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன். 'புற்று எச்சம் இல்லை' என்று ரிப்போர்ட் போனது.

இரண்டு வாரம் கழித்து ராமாத்தாள் ஜன்னலுக்கு வந்தார். பையிலிருந்து கொப்பரை ஒரு பொட்டலம் எடுத்து நீட்டினார்.

"சுத்தமாப் போச்சுன்னு டாக்டரு சொல்லீட்டாருங்க அம்மணி. திங்கக்கெழமையிலிருந்து களத்துக்குப் போறேன். உங்குளுக்குன்னு எடுத்தாந்தேன், நல்ல தேங்காப்பருப்பு."

வாங்கிக்கொண்டேன். "அக்கா, இருந்தாலும் மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டிக்குங்க. தொண்டையில கொஞ்சம் தடங்கல்னாலும் உடனே வந்துருங்க," என்றேன்.

"எதுக்குங்க? அதான் இல்லைன்னுட்டாரே."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வேறு டாக்டரிடம் ஸ்லைடைக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று ஒரு வாக்கியம். ஸ்லைடைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு. நானே எத்தனையோ பேருக்குத் துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். நான் சொன்னது: "சும்மாதானுங்க்கா. ஒரு பார்வை பார்த்துக்கறது நல்லது."

"செரி, வாரேனுங்க," என்று போய்விட்டார். மாதா மாதம் வரவில்லை. ஏன் வர வேண்டும்? அவரிடம் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தது.

ஏழு மாதம் கழித்து அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். எச்சில்கூட இறங்கவில்லை. பழைய இடத்திலேயே மறுபடி வளர்ந்து, மூச்சுக்குழாயைத் துளைத்திருந்தது. இனி அறுவைக்கு இடமில்லை என்று அறுவை டாக்டர் சொல்லிவிட்டார். வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். அந்த அறுவை டாக்டர் கோபக்காரர். நேராக எங்கள் துறைக்கு வந்து, பழைய ஸ்லைடு எல்லாவற்றையும் எடுங்கள், மேலே எழுதப் போகிறேன் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

சீஃப் என்னைக் கூப்பிட்டார். நான்கு ஸ்லைடையும் கொண்டுபோய் வைத்தேன். மூன்றைப் பார்த்துத் தள்ளினார். நான்காவதை ரொம்ப நேரம் பார்த்தார். பெரிய லென்ஸுக்கு மாற்றினார், மறுபடி சின்னதுக்கு வந்தார், மறுபடி பெரியது. வெளியே பெரியநாயக்கன்பாளையம் பஸ்ஸின் ஹார்ன் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அந்த ஸ்லைடை எடுத்து, கைக்குட்டையில் சுற்றி, சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் மறுபடி கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். நாற்காலியைக் காட்டினார். எட்டு வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை.

"சாந்தாமணி," என்றார். பெயர் தெரிந்திருக்கிறது என்பதே எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. "இது ஒரு ஃபார்மாலிட்டிதாம்மா."

டைப் அடித்த காகிதம். மேற்படி நோயாளியின் துண்டில் போதுமான ஆழத்துக்கு லெவல் வெட்டத் தவறிவிட்டேன், வேலைப்பளுவால் ஏற்பட்ட கவனக்குறைவு, இனி நேராது. கீழே என் பெயர்.

"ரெஜிஸ்டர்ல நாலுன்னு எழுதியிருக்குதுங்களே சார்."

"அதை நான் பார்த்துக்கறேன். உன் கன்ஃபர்மேஷன் ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு. அடுத்த மாசம் கமிட்டிக்குப் போகணும். இதனால உனக்கு ஒண்ணும் வராது, நான் இருக்கேன்."

அதற்கு முந்தின வருடம்தான் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஃபவுண்டரியை மூடியிருந்தார்கள். பையனுக்கு நான்கு வயது. இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம். இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். ஒரு நாள் அவகாசம் கேட்டேன். "சாயந்தரத்துக்குள்ள கொடு," என்றார்.

நளினியைத் தேடிப் போனேன். நூலகத்தில் இருந்தார். "மேடம், நீங்க பார்த்தீங்களே, நாலாவது லெவல் இருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க," என்றேன்.

அவர் புத்தகத்தை மூடவில்லை. "அடுத்த மாசம் எனக்குப் பரீட்சை சாந்தாமணி. அவர்தான் எக்ஸாமினர்."

"அப்ப நான் என்னங்க பண்றது?"

"எனக்குத் தெரியலை," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. பிற்பாடு தேறி வெளிநாடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ரெஜிஸ்டரில் என்னுடைய '4' மறுநாள் '3' ஆக இருந்தது. பிளேடால் சுரண்டி, அதன்மேல் எழுதியிருந்தது. நல்ல சுத்தமான வேலை. அடுத்த மாதம் நிரந்தரமும் ஆகிவிட்டேன். ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் என் கோப்பில் கடைசி வரை இருந்தது. ஓய்வு பெறுகிற நாளில் அந்தக் கோப்பைப் புரட்டிய அலுவலகப் பெண், "என்னங்க்கா, நீங்களா?" என்று நம்பாமல் கேட்டாள்.

ராமாத்தாளை வீட்டுக்கு அனுப்புகிற நாள் வந்தது. நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மைக்ரோடோமில் உட்கார்ந்திருந்தேன். "அம்மணி" என்று ஒரு சத்தம். குரல் போய்விட்டிருந்தது, காற்றுதான் வந்தது. திரும்பிப் பார்த்தேன். பழனிச்சாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயிற்றுக் குழாயைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார்.

எழுந்து போனேன்.

"பெரிய டாக்டரு சொன்னாருங்க," என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கினார். "வெட்டற புள்ளை ஒரு வெட்டு வெட்ட மறந்துபோட்டாளாமா. அதுலதான் தெரியாமப் போச்சாமா."

நான் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். பழனிச்சாமி என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "மறந்துட்டாங்களாமா," என்றார். "ஒரு உசுரு. மறந்துட்டாங்களாமா."

"நீங்க சும்மா இருங்க," என்று ராமாத்தாள் அவர் கையைத் தட்டினார். பிறகு என்னிடம், "இவருக்குக் கோவமுங்க. ஊட்டுல ஒரே சத்தம். நாந்தான் சொன்னேன், அந்த அம்மணி வேணும்னா செய்யும்? நெம்ப நல்ல புள்ளை, என்னையப் பாத்தா எந்திரிச்சு வந்து பேசுமேன்னு."

"அக்கா," என்று ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் ஆய்வகத்தில் மூன்று பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கைகள் நின்றுவிட்டது தெரிந்தது. தாழ்வாரத்தின் கடைசியில் சீஃப்பின் அறைக் கதவு திறந்திருந்தது.

ராமாத்தாள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்தார். பலகை மாதிரி இருந்த கை துணி மாதிரி ஆகியிருந்தது.

"மனசுல வெச்சுக்காதீங்க அம்மணி. புள்ளை குட்டிக்காரி. உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே? வேலையிலிருந்து தூக்கீருவாங்களோன்னு எனக்கு ஒரே ரோசனை."

"இல்லைங்க்கா," என்றேன். "ஒண்ணும் ஆகாதுங்க."

"அது போதும்," என்றார்.

அவர் கையை எடுக்கும் வரைக்கும் உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்து, "ஆமாங்க்கா. மறந்துட்டனுங்க," என்று சொன்னேன். அதைக் கேட்டுப் பழனிச்சாமி முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். ராமாத்தாள் தலையை ஆட்டிவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.